வீணை மீட்டும் வேந்தன்
சமுத்திரகுப்தரின் பொற்காசு, கி.பி. 4ஆம் நூற்றாண்டு

போரால் பெயர்பெற்ற குப்தப் பேரரசர் இங்கே வில்லும் வாளும் இன்றி, சாய்மானமுள்ள கட்டிலில் அமர்ந்து, மடியில் வைத்த வீணையை மீட்டுகிறார். உற்றுப் பாருங்கள்: இது இன்றைய வீணை அல்ல, வளைந்த தண்டுடைய, நம் யாழை ஒத்த நரம்புக்கருவி. சுமார் 2 செ.மீ. வட்டத்துக்குள் இத்தனை நளினம்! வார்ப்பு அல்ல, அச்சில் அடித்தது.

பின்புறம் பிரம்பு மோடாவில் இலக்குமி. கையிலுள்ள வளக்கொம்பு குஷாணர் காசுகளிலிருந்து வந்தது.

கொடிக்கோல் ஏந்தி நிற்கும் அரசரின் காசுகளே மிகுதி, இவ்வகை அரிது.

அலகாபாத் தூண் கல்வெட்டு இவரது இசைத்திறனைப் புகழ்கிறது. காஞ்சி மன்னன் விஷ்ணுகோபனை இவர் வென்றதாகச் சொல்வதும் அதே கல்வெட்டுதான்.