கவாத்தும் ஒரு சாட்சிதான்

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இயங்கும் பறக்கும் பயிற்றுநர் பள்ளி, 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் இங்கே வந்தது. தளத்தைச் சுற்றியுள்ள செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்துப் பள்ளி ஒன்று 1971 போரை ஆண்டு விழா நாடகமாகப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானியாக நடிக்கும் மாணவன் தன் அதிகாரிக்கு சல்யூட் வைக்கிறான். அவனுடைய உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? இன்றைய விமானப்படை வீரரைப் பார்த்து அப்படியே செய்தால் அது தவறாகிவிடும். உள்ளங்கை தரையை நோக்கி 45 டிகிரி சாய்ந்திருக்கும் இப்போதைய முறை 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு விமானப்படையும் தரைப்படையைப் போலவே உள்ளங்கையை முன்பக்கம் காட்டித்தான் சல்யூட் வைத்தது. கடற்படை முறை வேறு. அங்கே உள்ளங்கை எதிரே நிற்பவரின் கண்ணில் படாதபடி கீழ்நோக்கி இருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு படை எப்படி நின்றது, எப்படி நடந்தது, யாருக்கு எப்படி வணக்கம் வைத்தது என்பவை வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் அலங்காரங்கள் அல்ல. சில வேளைகளில் வரலாறே அவற்றின் மீதுதான் திரும்பியிருக்கிறது.

மேலைநாடுகளில் பழைய போர்களை அந்தக் கால உடையோடும் ஆயுதத்தோடும் நிகழ்த்திக்காட்டுவது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை நிகழ்த்தும் ‘சீல்டு நாட்’ சங்கம் 1968இல் தொடங்கியது. இத்தகைய குழுக்களில் ஈடுபாடு மிக்கவர்கள் பழைய கவாத்துக் கையேடுகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு அசைவையும் எண்ணிப் பழகுகிறார்கள். அந்தத் தேடலில் முதலில் உதிர்வது கட்டுக்கதைகள். கவசம் அணிந்த வீரர்கள் முகமூடியைத் தூக்கி முகம் காட்டியதிலிருந்துதான் சல்யூட் பிறந்தது என்று பல பொது அறிவுப் புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு உறுதியான சான்று இல்லை. சான்றாகக் கிடைப்பது 1745இல் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படைக்கு இடப்பட்ட ஓர் உத்தரவு. அதிகாரியைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பி வரை கொண்டுபோய்த் தலை தாழ்த்தினால் போதும் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் தரைப்படையின் சாதாரணச் சிப்பாய்கள் முதல் உலகப்போரின் இறுதிக்கட்டம் வரை, அதிகாரி எந்தப் பக்கம் இருக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கக் கையால்தான் சல்யூட் வைத்தார்கள். ஆகவே 1900இல் நடக்கும் கதையில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் இடது கையால் சல்யூட் வைத்தால் அது பிழையில்லை. பிழை என்று சிரிக்கும் பார்வையாளரின் கண்தான் நம் காலத்துக்குப் பழகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய படைகள் பெரும்பாலும் திரைப்படத்திலும், மேடை நாடகத்திலும், பள்ளி விழாவிலும்தான் உயிர் பெறுகின்றன. அப்படி மேடையேறத்தக்க நிகழ்வுகளில் முதல் வரிசையில் நிற்பது 1806 ஜூலை 10இல் வெடித்த வேலூர்ப் புரட்சி. கவாத்தை அறியாமல் அந்தப் புரட்சியைப் புரிந்துகொள்ளவே முடியாது. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, காதணி அணியக் கூடாது. அணிவகுப்பிலும் பணியிலும் தாடி மழித்திருக்க வேண்டும், மீசை முடிந்தவரை ஒரே அளவில் இருக்க வேண்டும். கூடவே தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர ஆகாத பொருள் அந்தத் தோல். 1806 மே மாதத்தில் எதிர்ப்புக் காட்டிய சிப்பாய்கள் சென்னைக் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து விலக்கப்பட்டார்கள். மேலும் பத்தொன்பது பேர் தண்டிக்கப்பட்டுப் பிறகு மன்னிக்கப்பட்டார்கள். ஆடை விதி, தண்டனை, புரட்சி என்ற இந்த வரிசை பாடப்புத்தகத்திலும் உண்டு. அதில் விடுபடுவது, சர்ச்சை நடந்த இடம். வீட்டில் எப்படியிருந்தாலும் கவாத்து மைதானத்தில் எல்லா உடலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்துதான் இத்தனையும் கிளம்பியது.

புரட்சியின் இரவையும் கவாத்துதான் தீர்மானித்தது. வேலூரில் குடும்பத்தோடு இருந்த சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தங்குவார்கள். ஜூலை 10ஆம் தேதி களப்பயிற்சி குறிக்கப்பட்டிருந்தது. விடியுமுன் அணிவகுக்க வசதியாக அன்றிரவு அவர்களில் பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் தாக்குதல் தொடங்கியது. தங்கள் படைப்பிரிவுகளின் அதிகாரிகள் பதினான்கு பேரையும் பிரிட்டிஷ் 69ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த 115 பேரையும் சிப்பாய்கள் கொன்றார்கள். பயிற்சி அட்டவணை வேறாக இருந்திருந்தால் அத்தனை சிப்பாய்கள் அந்த நேரத்தில் மதிலுக்குள் இருந்திருக்க மாட்டார்கள். சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அதற்குள் புரட்சியாளர் பலர் கலைந்து போயிருந்தார்கள். வாயிலும் மதிலும் முறையாகக் காக்கப்படவில்லை. இதை வெறும் கவனக்குறைவு என்று கடந்துவிட முடியாது. அந்தக் காலத்து மஸ்கெட் துப்பாக்கியில் தோட்டாத் தாளைப் பல்லால் கடித்து, மருந்திட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். நன்கு பழகியவரும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். வரிசையாக நின்று, கட்டளைக்கு ஒன்றாகச் சுட்டால்தான் அதற்குப் பலம். கட்டளையிடும் அதிகாரம் வெள்ளைக்காரரிடமே இருக்கும்படி அமைந்திருந்தது அந்தப் படை. அதிகாரிகளை வீழ்த்தியவர்கள், தங்களை ஒரே படையாக இயக்கிய குரலையும் இழந்தார்கள் என்று ஊகிப்பதில் நியாயம் உண்டு. இந்த ஊகம் கவாத்தைப் படித்தால்தான் பிறக்கும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, வேலூரின் உண்மைக் காரணம் அரசியல், தலைப்பாகையை முன்னிறுத்துவது அதைச் சிறுமைப்படுத்தும் என்பது. கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள், புரட்சியின்போது மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது, சிப்பாய்களுக்கு வேறு குறைகளும் இருந்தன என்பவை உண்மை. ஆனால், அந்தக் குறைகள் பல காலமாக இருந்தவை. அவற்றை ஒன்றாகத் திரட்டியவை புதிய விதிகள். கும்பினியாரே அப்படித்தான் கருதினார்கள்: விதிகள் திரும்பப் பெறப்பட்டன, தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இரண்டாவது மறுப்பு, பார்வையாளர் யாரும் இதைக் கவனிப்பதில்லை, கதை நன்றாக இருந்தால் போதும் என்பது. நம் ராணுவ வழக்கில் தலையில் தொப்பி இல்லாதவர் கை உயர்த்தி சல்யூட் வைப்பதில்லை. விறைப்பாக நிற்பதே மரியாதை. திரையில் வெறுந்தலையோடு சல்யூட் வைக்கும் நாயகர்களைப் பார்த்துப் பழகிய ரசிகர் இதைக் கவனிக்க மாட்டார் என்பது சரிதான். ஆனால், கவனிக்காத தவறுதான் கேள்வியில்லாமல் மனதில் தங்கும். இயந்திரத் துப்பாக்கிபோல் மஸ்கெட் ஓயாமல் சுடும் காட்சியைப் பார்த்து வளர்ந்தவருக்கு, வேலூர்ச் சிப்பாய்கள் ஏன் தோற்றார்கள் என்பது துரோகத்தால் மட்டுமே விளக்கத்தக்க புதிராகிவிடும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. கவாத்தும் சல்யூட்டும் ஆள வந்தவர்கள் நம் உடல் மீது ஏற்றிய ஒழுங்கு. அதை நுணுக்கமாக மீட்டெடுப்பது அடிமைத்தனத்துக்குத் திருவிழா எடுப்பதாகாதா? ஆவணங்களும் அவர்கள் எழுதியவைதானே? இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது, முடிவுதான் சரியில்லை. ஓர் ஒழுங்கு எப்படி ஏற்றப்பட்டது என்று காட்டாமல், அதை ஏன் எதிர்த்தார்கள் என்று காட்ட முடியாது. கவாத்தை ஆட்சியாளர் மட்டுமே வைத்திருந்தார்கள் என்பதும் உண்மையில்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் பயின்றவர்களின் அதே கவாத்து, இந்துஸ்தானிக் கட்டளைகளோடு, பிரிட்டிஷாருக்கு எதிராகத் திரும்பியது. ஒழுங்கு ஒன்றுதான், அது யாருக்குக் கீழ்ப்படிந்தது என்பதில்தான் வேறுபாடு. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தின் கவாத்து மைதானம், 1987இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கி நிற்பதையும் இந்தத் தொடர்ச்சியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ஆவணங்கள் ஒருதலையானவை என்பது மறுக்க முடியாதது. ஆனால், என்ன செய்யக் கூடாது என்று சிப்பாய்க்கு விதி போட்டவர், அவன் அதுவரை என்ன செய்தான் என்பதையும் தன்னையறியாமல் எழுதிவைத்துவிட்டார். நெற்றிக் குறி, கடுக்கன், தாடி எல்லாம் அந்தத் தடைப்பட்டியலில்தான் இன்றும் நமக்குத் தெரிகின்றன.

கவாத்தை இப்படி மீட்டெடுப்பதற்கான கருவிகள் தென்சென்னைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. கும்பினிக் கால ராணுவத் துறைப் பதிவுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய சீருடைகளும் ஆயுதங்களும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கின்றன. வேலூரை மேடையேற்றும் பள்ளியோ படக்குழுவோ வாள்வீச்சுக்கும் வசனத்துக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இங்கே செலவிடலாம். அப்படிச் செய்தால் நாடகத்தின் மையக் காட்சியே இடம் மாறும். ஜூலை 10இன் ரத்தத்தை விட, அதற்கு முன் ஏதோ ஒரு காலையில் வரிசையாக நின்றவர்கள் முன் புதிய விதி வாசிக்கப்பட்ட நேரம் பெரிய காட்சியாகும். நெற்றியை அழிக்கச் சொல்லும்போது அசையாமல் நிற்க வேண்டியதும் கவாத்துதான் என்பதை நடிப்பவர் தன் உடலிலேயே உணர்வார். கலகத்துக்கு முந்தைய அந்த அசையாமையைச் சரியாகக் காட்டுகிற நாடகத்துக்கு, கலகத்தை நியாயப்படுத்தத் தனி வசனம் எதுவும் தேவைப்படாது.