பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்: நெல் இலைக்கருகலுக்குக் கைகொடுக்குமா?

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். அங்கு ஒரு விவசாயி தன் நெல் வயலைக் காட்டி, "இலை நுனியில இருந்து காஞ்சுக்கிட்டே வருது சார். ரெண்டு தடவை பூஞ்சாணக்கொல்லி அடிச்சும் கேக்கல" என்றார். இலையோரம் அலை அலையாக மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது. பாதித்த இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுமுனையை அதில் வைத்தோம். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற திரவம் கசிந்து இறங்கியது. அது பாக்டீரியா. பூஞ்சாணத்துக்கான மருந்து அதற்குக் கேட்காது. இரண்டு தெளிப்புக்கான செலவும் வீண்.

இந்த நோய்க்குப் பெயர் பாக்டீரியா இலைக்கருகல். இதை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவுக்கும் இயற்கையில் ஓர் எதிரி உண்டு. பாக்டீரியோபேஜ் எனப்படும் வைரஸ்தான் அது. சுருக்கமாக பேஜ் என்பார்கள்.

எப்படிக் கொல்கிறது?

பேஜ் தானாகப் பெருகாது. பாக்டீரியாவுக்குள் புகுந்தால்தான் பெருகும். பல பேஜ்களுக்குத் தலையும் வாலும் உண்டு. வால் நுனி, பாக்டீரியாவின் மேற்புறத்தில் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு தலையில் உள்ள மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். வெறும் கூடு வெளியே நின்றுவிடும். உள்ளே போன மரபுப்பொருள், பாக்டீரியா தனக்காக வைத்திருக்கும் கருவிகளையே பயன்படுத்திப் புதிய பேஜ்களை உருவாக்கும். கடைசியில் பாக்டீரியாவின் சுவர் உடைந்து, அத்தனையும் வெளியேறி அடுத்தடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும்.

குடல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற பேஜ், சாதகமான சூழலில் சுமார் அரை மணி நேரத்தில் நூறுக்கும் மேற்பட்ட பேஜ்களாகப் பெருகும். ஒன்று நூறானால், அடுத்த சுற்றில் 10,000, மூன்றாவது சுற்றில் 10 லட்சம். எல்லாப் பேஜும் உடனே கொல்வதில்லை. சில, பாக்டீரியாவின் மரபுப்பொருளோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடும். காலரா பாக்டீரியாவுக்கு நச்சைத் தருவதே அப்படித் தங்கிய ஒரு பேஜ்தான். அதனால் பயிருக்குப் பயன்படுத்த, தங்காமல் கொல்லும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கங்கையில் தொடங்கிய கதை

1896-ல் எர்னஸ்ட் ஹான்கின் என்ற விஞ்ஞானி, கங்கை, யமுனை நீர் காலரா கிருமியைக் கொல்வதையும், அந்த நீரைக் கொதிக்க வைத்தால் அந்தத் திறன் போய்விடுவதையும் எழுதினார். காரணம் அப்போது தெரியவில்லை. 1917-ல் பெலிக்ஸ் டெரெல் இந்த வைரஸுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். 1935-ல் அமெரிக்காவில் மக்காச்சோள விதையைப் பேஜ் கொண்டு நேர்த்தி செய்தபோது, பாக்டீரியா வாடல் 18 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் குறைந்தது. 2005-ல் தக்காளி, மிளகாயின் பாக்டீரியா இலைப்புள்ளி நோய்க்கு அந்நாட்டில் பேஜ் மருந்து பதிவு பெற்றது.

ஜப்பானில் நெல் இலைக்கருகலுக்கே இதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். பாசன நீரில் பேஜ் எண்ணிக்கை கூடினால், அதற்கு இரையான பாக்டீரியாவும் பெருகியிருக்கிறது என்று பொருள். அதை வைத்து நோய் வருவதை முன்கூட்டியே கணித்தார்கள்.

சிக்கல் எங்கே?

பேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். மண்ணில் உள்ள நன்மை செய்யும் பாக்டீரியாவுக்குக் கெடுதல் இல்லை என்பது லாபம். ஆனால் ஒரு வயலில் வேலை செய்யும் பேஜ், வேறு ரகப் பாக்டீரியா உள்ள அடுத்த ஊரில் வேலை செய்யாமல் போகலாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இலை மேல் உள்ள பேஜை விரைவில் செயலிழக்கச் செய்யும். அதனால் மாலையில் தெளிப்பதே பலன் தரும். பாக்டீரியாவும் எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் என்பதால், பல பேஜ்களைக் கலந்தே தர வேண்டும்.

அதுவரை ஆன்டிபயாடிக்கை நம்பியிருப்பதும் சரியல்ல. பயிருக்குத் தெளிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. மனிதருக்கும் தேவைப்படும் மருந்துகள் அவை.

இப்போது செய்ய வேண்டியவை

* மருந்து வாங்கும் முன் டம்ளர் சோதனை செய்து, பாக்டீரியாவா என்று உறுதி செய்யுங்கள்.
* நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ள வேண்டாம். காயம் வழியே பாக்டீரியா நுழையும்.
* யூரியாவை ஒரேயடியாகப் போடாமல், இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள். நோய் தெரிந்ததும் தழைச்சத்தை நிறுத்தி வையுங்கள்.
* நோயுற்ற வயலின் நீர் பக்கத்து வயலுக்குப் பாயாமல் தடுத்து, வயலை வடித்துவிடுங்கள்.
* 100 லிட்டர் நீருக்கு 20 கிலோ புதிய பசுஞ்சாணம் கரைத்து, நன்கு வடிகட்டி, நோய் தென்பட்டதும் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளியுங்கள்.
* பிபிடி 5204 ரகம் பயிரிடுவோர், அதிலிருந்து உருவாக்கி 2008-ல் வெளியிடப்பட்ட, இந்நோயைத் தாங்கும் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி பற்றி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

பேஜ் மருந்து என்று யாராவது பொட்டலம் நீட்டினால், எந்தப் பயிருக்கு, எந்தப் பாக்டீரியாவுக்கு என்று கேளுங்கள். பதிவு எண்ணையும் பாருங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.