பொதுக் கோப்புறையின் இரண்டு கதவுகள்

தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் புத்தகம் அலமாரியில் இருந்த காலத்தில், அதில் யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் தொடவே கூடாது என்பதைக் கிராணியாரின் சாவியும் அலுவலக வழக்கமும் தீர்மானித்தன. இன்று அப்புத்தகத்தின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. நம் பெயர், அடையாளக் கார்டு எண், சம்பளம், ஊழியர் சேமநிதிக் கணக்கு ஆகியவை கணினியில் ஒரு கோப்புறைக்குள் அடங்கியுள்ளன. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதை நாமும் அறிந்துகொள்ளுதல் நலம்.

1972-ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்து, இன்டெல் நிறுவனமும் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. அன்று தொழிற்சாலையில் உருவான பொருள் இன்று சிறு கடைக்கும் வந்துவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் மூன்று கணினிகளுடன் இயங்கும் கணக்கர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு கணினியில் 'சம்பளம்' என்னும் கோப்புறை உள்ளது. மற்ற இரண்டும் அதனை வலையமைப்பின் வழியே திறக்கின்றன. சம்பள நாளுக்கு முந்திய காலையில் எழுத்தருக்கு அது திறக்கவில்லை. அவர் செய்ய வேண்டுவது யாது?

முதலில், கணினி என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் படித்தல் வேண்டும். அது மூன்று வகையாக இருக்கும்.

ஒன்று, 'அந்தக் கணினியைக் காணவில்லை' என்பது. இது பாதையின் கோளாறு. உரிமையின் கோளாறு அன்று. கம்பி கழன்றிருக்கலாம், கோப்புறை உள்ள கணினி அணைந்திருக்கலாம். இணையப் பெட்டியைப் புதிதாக மாற்றியிருந்தால், விண்டோஸ் அதனை அறியாத இடமாகக் கருதிப் 'பப்ளிக்' வகையில் சேர்த்துப் பகிர்வை மூடியிருக்கக்கூடும். நம் அலுவலக வலையமைப்பே என்று உறுதிசெய்தபின் அதனைப் 'பிரைவேட்' என மாற்றுதல் வேண்டும்.

இரண்டு, பெயரையும் கடவுச்சொல்லையும் மீண்டும் மீண்டும் கேட்பது. கணினிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை என்பதே இதன் பொருள். சிறு அலுவலகங்களில், கோப்புறை உள்ள கணினியிலேயே அவ்வெழுத்தருக்குக் கணக்கு இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், அவரது கணினி பழைய சொல்லையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதனை நீக்கிப் புதியதைப் பதிதல் வேண்டும்.

மூன்று, 'உமக்கு அனுமதி இல்லை' என்பது. அல்லது கோப்பு திறந்தும் அதில் எழுதியதைச் சேமிக்க இயலாமை. இதுவே உரிமைக் கோளாறு.

இங்குதான் பலரும் தடுமாறுகின்றனர். விண்டோஸ் கணினியில் பகிர்ந்த கோப்புறைக்குக் கதவுகள் இரண்டு. 'ஷேரிங்' என்பது வெளிக்கதவு. வலையமைப்பின் வழியே வருவோர்க்கு மட்டும் உரியது. 'செக்யூரிட்டி' என்பது உட்கதவு. அக்கணினியின் முன் அமர்ந்தவரும் அதனைக் கடந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டு கதவுகளும் தரும் உரிமைகளுள் குறைந்ததே கிட்டும். உட்கதவில் எழுதும் உரிமை தந்துவிட்டு, வெளிக்கதவை மறந்துவிடுவோர் பலர். 'அட்வான்ஸ்ட் ஷேரிங்' வழியே பகிரும்போது, விண்டோஸ் தானாகத் தருவது எல்லார்க்கும் படிக்கும் உரிமை மட்டுமே. ஆகவேதான் கோப்பு திறக்கிறது, சேமிக்க மறுக்கிறது.

எந்தக் கதவு தடுக்கிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. கோப்புறை உள்ள கணினியிலேயே எழுத்தர் தம் பெயரில் நுழைந்து பார்க்கட்டும். அங்கே எழுத முடிந்து, தம் மேசையிலிருந்து முடியாவிட்டால், குறை வெளிக்கதவில். அங்கும் முடியாவிட்டால், முதலில் உட்கதவைச் சரிசெய்தல் வேண்டும்.

இன்னும் இரண்டு விதிகளை மனத்திற்கொள்க. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால், அவ்விரண்டின் உரிமைகளும் ஒன்றுசேரும். ஆயினும், ஒரு குழுவுக்கு 'டினை' என்று மறுப்புக் குறி இட்டிருந்தால், பொதுவாக அதுவே மேலோங்கும். மேலும், ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தபின், அவர் கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அவ்வுரிமை நடைமுறைக்கு வரும்.

அவசரத்தில் சிலர், 'எவ்ரிஒன்' என்னும் அனைவருக்கும் முழு உரிமை தந்து வேலையை முடித்துவிடுகின்றனர். கோப்புறை திறக்கும் என்பது உண்மையே. ஆனால் நூறு தொழிலாளரின் சம்பளமும் அடையாளக் கார்டு எண்ணும் அக்கணத்தில் காவலின்றிக் கிடக்கும். வேறு சிலர், பகிர்வுக்கான பழைய நெறிமுறையை மீண்டும் இயக்கிவிடுவர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னக்ரை' என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையின் வழியேதான். அதனை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தும், அதைப் போடாத கணினிகள் பல இருந்தன.

செய்யத்தக்கது இதுவே: சம்பளப் பணி பார்ப்போரை ஒரு குழுவாக்கி, அக்குழுவுக்கு மட்டும் வேண்டிய அளவு உரிமை தருதல், வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே நீக்குதல், செய்த மாற்றத்தை நாளுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுதல்.

நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கை தொடர்பாகப் பிறர் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கக் கடமைப்பட்டுள்ளன. தம் விவரங்களைப் பார்க்கவும், பிழையிருப்பின் திருத்தக் கோரவும் உரியவருக்கு அச்சட்டம் இடமளிக்கிறது.

அலுவலகப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இவ்விரண்டு கதவுகளின் இயல்பைக் கற்றுக்கொள்வார்களாக. அக்கோப்புறையில் உள்ள பெயர்களுள் ஒன்று அவர்களுடைய தாய் தந்தையரின் பெயராகவும் இருக்கலாம் அன்றோ!