பள்ளத்தை மறந்து குட்டையைத் தூர்வாரினோம்

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்திருக்கேன். சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் சரிபார்ப்பேன். புலப்படத்தில் பள்ளம் எங்கே வந்து எங்கே போகுதுன்னு ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, கோவைக்கு மேற்கே நாலு ஏக்கர் வாங்கிய பிறகுதான் அந்தப் பாடம் கிடைத்தது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊர் அருகே காவிரியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் சில நாள் பொங்கும், பிறகு மெலிந்துவிடும். ஓடி மறையும் முன் அந்தத் தண்ணீரைப் பிடிக்கத்தான் முன்னோர் அணைக்கட்டுகளும் குளங்களும் அமைத்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் புதுக்குளம், நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் எனப் பல குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. இடையில் ஓரிடத்தில் அடைத்தால், மழை பெய்தும் கீழே இருப்பவருக்குப் பஞ்சம்.

எங்க ஊர்ப் பள்ளமும் சின்ன அளவில் அப்படித்தான். கரட்டிலிருந்து இறங்கி, மேல்குட்டை, கீழ்குட்டை இரண்டையும் நிரப்பி நொய்யலுக்குப் போகணும். 2019-ல் ஊரார் பணம் போட்டு கீழ்குட்டையைத் தூர்வாரினோம். நானும் கொடுத்தேன். மழை வந்துச்சு, மேல்குட்டை நிறைஞ்சு வழிஞ்சுது. கீழ்குட்டையில் முழங்கால் தண்ணிகூட இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் சொன்னார்: "சார், தண்ணி உங்க தென்னைக்குள்ள நிக்குதுங்க. பள்ளம் அங்கதானுங்க இருந்துச்சு."

புலப்படம் வாங்கிப் பார்த்தேன். வடக்கு வரப்பை ஒட்டி ஓடைப் புறம்போக்கு. எனக்கு முந்தியே யாரோ மண் கொட்டி மேடாக்கி, தென்னை வைத்துவிட்டார்கள். காய்ப்பில் இருந்த 14 மரம். அந்தக் காயை விற்று நாலு வருசம் காசு பார்த்தவன் நான். "ஊரே பண்ணுது, நாம மட்டும் ஏன் விடணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவே ஒரு மாசம் ஆச்சு. அடுத்த கோடையில் மரங்களை எடுத்து, சர்வேயர் காட்டிய அகலத்துக்குப் பள்ளத்தைத் திறந்தோம்.

அந்த மழையிலேயே கீழ்குட்டை பாதிக்கு மேல் நிறைந்தது. புதுத்தண்ணி வந்த ராத்திரி கெளுத்தியும் கெண்டையும் எதிர்த்து ஏறின. முட்டையிடும் இடம் தேடித்தான் அப்படி ஏறும். வழி அடைபட்டால் மேல்குட்டைக்கு மீன் போய்ச் சேராது. கரையில் வெட்டிவேர், நொச்சி, புங்கன் வைத்தேன். வேரும் புல்லும் உள்ள கரை ஓடிவரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். மொட்டைக்கரை குட்டையைத் தூர்த்துவிடும். இப்போ தவளையும் தட்டானும் பெருகியிருக்கு. கிணற்றில் மாசியிலும் இறைக்க முடியுது. 14 மரத்து வருமானத்துக்கு இது ஈடான்னு கேட்டா, கணக்கில் இன்னும் ஈடாகலை. மறைக்க ஒன்றுமில்லை.

குட்டை தூர்வாரப் போகும் நண்பர்களுக்கு மூன்று விசயம். முதலில், மழை பெய்யும்போதே வரத்துப் பள்ளத்தை முழுக்க நடந்து பாருங்க. இரண்டாவது, சீமைக்கருவேலை எடுத்தால் கரையை வெறுமனே விடாதீங்க, உடனே நாட்டுச்செடி வையுங்க. மூன்றாவது, வண்டிப்பாதைக்குக் குழாய் போட்டால் பள்ளத்தின் தரைமட்டத்துக்குப் பதிங்க. உயரத்தில் வைத்தால் மீன் ஏறாது.

கீழ்குட்டைக்குக் கீழே இன்னும் ரெண்டு தோட்டத்தில் பள்ளம் மூடித்தான் கிடக்கு. அவங்ககிட்ட பேசப் போறேன், என் புலப்படத்தையும் கையில் எடுத்துக்கிட்டு.