பதினெட்டு ஊர்களின் அட்டவணை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பறங்கிப்பேட்டைக் கரையோரம் 18 சிற்றூர்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கே.கதிரேசன், என்.ராஜேந்திரனுடன் சேர்ந்து அதைச் செய்தார். ஊர் கடலைவிட்டு எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு பரப்புக்கு அலையாத்தியோ வேறு மரமோ நின்றது, எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்து போயிற்று, சேகரித்தது இவ்வளவுதான். மரம் அடர்ந்த இடத்துக்குப் பின்னால், மேட்டில், கடலுக்குத் தள்ளி இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று 2005-இல் ஓர் ஆய்விதழில் அவர்கள் எழுதினார்கள். மறு ஆண்டே கெர், பெய்ர்டு, கேம்பெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதே இதழில் மறுத்தார்கள். தூரத்தையும் மேட்டையும் கழித்துவிட்டால் மரத்தின் பங்கு என்று மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். பிறகு வெர்மாட், தம்பன்யா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே எண்களை வேறு விதமாகப் பகுத்து, அலையாத்திக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவுதான் என்றார்கள்.

யார் சொன்னது சரி என்பதைச் சூழலியல்காரர்களிடம் விட்டுவிடலாம். இந்தச் சண்டை நடக்க முடிந்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது. ஊர்வாரி எண்கள் கைக்கு எட்டும்படி இருந்ததால், மறுத்தவர்கள் மறுபடி ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எண்களை இப்படிக் காப்பது நம் வழக்கமல்ல. பல்கலைக்கழகங்கள் இன்று செயற்கை நுண்ணறிவுக்கு (ஏ.ஐ.) ஆய்வகம் திறப்பதிலும் கருத்தரங்கு நடத்துவதிலும் மும்முரமாக இருக்கின்றன. அந்த ஏ.ஐ.க்குத் தீனியாகப் போகும் ஆய்வுத் தரவை ஒழுங்காகக் காப்பதில் அந்த அக்கறையில் கால்வாசிகூட இல்லை. வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பேன்.

வழக்கமாக நடப்பது என்ன? பிஎச்.டி. வைவா முடிந்ததும் ஸ்காலர் வேலை தேடிப் போகிறார். தரவு அவருடைய பென்டிரைவில் போகிறது. கைடிடம் ஒரு எக்செல் கோப்பு மிஞ்சலாம். திறந்து பார்த்தால் முதல் பத்தியில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்றிருக்கும், அடுத்ததில் 31.5, 28, 30.2. எஸ்3 என்பது வெள்ளாற்று முகத்துவாரமா, பிச்சாவரத்து வாய்க்கால் ஒன்றா? அந்த எண்கள் உப்புத்தன்மை என்றே வைத்தாலும், அளந்தபோது ஏற்றமா வற்றமா? எழுதியவருக்கு மட்டுமே தெரியும். ஐந்தாண்டு கழித்து அவருக்கும் தெரியாது. உலகம் முழுக்க இதே கதைதான். 516 ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப்பிடித்துச் சோதித்த ஒரு குழு, கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் அதன் மூலத்தரவு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் சரிகிறது என்று 2014-இல் எழுதியது.

ஏ.ஐ.யின் பெரிய வெற்றியாகச் சொல்லப்படும் ஆல்ஃபாஃபோல்டையே எடுத்துக்கொள்வோம். புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-இல் அதை உருவாக்கியவர்களுக்கு வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. அந்தக் கருவி படித்த பாடம், 1971-இல் தொடங்கி ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே வடிவில் எழுதி, சரிபார்த்து வைத்த புரதத் தரவு வங்கி. (அப்படிச் சரிபார்க்க இன்றும் பயன்படுவது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட வரைபடம்.) பரிசு கணினிக்காரர்களுக்குப் போனது, அரை நூற்றாண்டு பதிவேடு எழுதியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பழைய ரெக்கார்டு நோட்டுகளையும் குழம்பிய கோப்புகளையும் ஏ.ஐ.யே படித்து ஒழுங்குசெய்துவிடுமே, மாணவரை ஏன் வதைக்க வேண்டும் என்று கேட்கலாம். கையெழுத்தை அது ஓரளவு படிக்கும், உண்மை. எழுதப்படாததை எப்படிப் படிக்கும்? விட்டுப்போன இடத்தை மற்ற எண்களைப் பார்த்து நிரப்பத்தான் செய்யும். ஆபத்து அங்கேதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கியது. அப்படியொரு வாரத்தில் படகெடுத்து மாதிரி சேகரிக்கப் போக முடியாது; பதிவேட்டில் அந்த வரி காலியாகத்தான் இருக்கும். மற்ற டிசம்பர்களைப் பார்த்துப் பழகிய கருவி அங்கே சாதாரண டிசம்பர் எண் ஒன்றை எழுதிவைக்கும். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், புயல் காணாமல் போயிருக்கும். காலியிடம் காலியாகவே தெரிந்தால் பின்னால் வருபவர் காரணம் தேடுவார்.

நாம் வெயிலில் அலைந்து சேர்த்ததைத் திறந்துவைத்தால், பெரிய கணினி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கட்டுரையாக்கிப் பெயர் வாங்கிப்போவார்கள் என்பது இன்னொரு அச்சம். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள மாட்டேன். ராமேசுவரம் முதல் பழவேற்காடு வரை களப்பணி செய்யும் எவருக்கும் இந்த ஆற்றாமை புரியும். ஆனால் பாதுகாப்பது வேறு, திறந்துவிடுவது வேறு. இரண்டாண்டோ மூன்றாண்டோ சேகரித்தவருக்கே உரிமை என்று பூட்டிவைத்து, பிறகு பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கலாம். சிறிய ஊரில் இறந்தவர் எண்ணிக்கையே குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்; அத்தகைய விவரங்களை என்றைக்கும் பூட்டியே வைக்கலாம். பென்டிரைவோடு தொலைந்த தரவை வெளிநாட்டுக்காரரும் திருட முடியாதுதான், நம்மூர் மாணவரும் பார்க்க முடியாது.

மிச்சம் இருக்கும் தடை பணம். சேமிப்பிடம் இன்று மலிவு, ஆள்தான் செலவு. கோப்பைத் திறந்து எஸ்3 எது என்று கேட்டு எழுதிவைக்கும் ஒருவர் துறைக்குத் துறை வேண்டும். 2013-இல் நிதி நெருக்கடியால் தமிழக அரசின் கைக்கு வந்த அண்ணாமலை போன்ற பல்கலைக்கழகத்திடம் புதுப் பதவி கேட்பது எளிதல்ல. ஆனால் முதல் படிக்குப் பதவியே தேவையில்லை. பிஎச்.டி. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009-இல் விதி செய்தது. முனகல் இல்லாமலில்லை, இருந்தும் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இன்று லட்சக்கணக்கில் ஆய்வேடுகள் இருக்கின்றன. அந்த விதியில் இன்னொரு வரி சேர்க்கலாம்: ஆய்வேட்டோடு மூலத்தரவுக் கோப்பும், ஒவ்வொரு பத்தியும் எதை, எங்கே, எந்த அலகில் அளந்தது என்று சொல்லும் ஒரு பக்கக் குறிப்பும் தர வேண்டும், தராதவருக்கு வைவா தேதி கிடையாது.