ரயிலில் அபராதம் கட்டிவிட்டீர்களா? வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே முறையிடலாம்

விம்கோ நகரில் காலை நேரப் புறநகர் ரயிலில் ஏறுகிறீர்கள். மொபைல் போனில் ஐந்து ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னைக் கடற்கரை நிலையத்தில் பரிசோதகர் டிக்கெட்டைக் கேட்கும்போது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடக்கிறது. 255 ரூபாய் கட்டச் சொல்கிறார். எண்ணூர் பக்கம் கூலி வேலைக்குப் போய் வருபவருக்கு இது சின்னத் தொகை அல்ல. டிக்கெட் எடுத்தும் திருடனைப் போல நின்றோமே என்ற வருத்தம் வேறு. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா? உண்டு. அதற்கு உங்கள் புதிய கம்ப்யூட்டர் நன்றாகவே உதவும்.

முதலில் இந்த 255 எப்படி வந்தது என்று பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 138ஆவது பிரிவின்படி, சரியான டிக்கெட் இல்லாதவர் பயணக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் தர வேண்டும். கூடுதல் கட்டணம் என்பது அந்தப் பயணக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. முன்பு 50 ரூபாயாக இருந்த இந்தக் குறைந்த அளவு 2004இல் 250 ஆக உயர்ந்தது. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்வது 137ஆவது பிரிவில் வரும் தனிக் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. உங்கள் ரசீது 138இன் கீழ் போடப்பட்டதென்றால் உங்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட இடத்திலிருந்து கட்டணம் கணக்கிடப்படும். புறநகர் ரயிலில் இதனால் சில ரூபாய்தான் கூடும். ஆனால் ஹவுராவிலிருந்து வரும் மெயிலில் கூடூரில் ஏறியவருக்கு ஹவுராவிலிருந்தே கணக்குப் போட்டால் என்ன ஆகும்? கூடூரில் ஏறியதற்கு ஆதாரம் வைத்திருப்பவர் இந்தக் கணக்கை எதிர்த்துக் கேட்கலாம்.

நிலையத்தில் வாக்குவாதம் வேண்டாம். பணம் தர மறுத்தால் விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகும். அவர் அதை அபராதம் போல வசூலிக்க உத்தரவிடலாம். பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு முறையீடே கிடையாது. தேதி, ரயில், எங்கிருந்து எங்கு, கட்டணம், கூடுதல் கட்டணம் எல்லாம் அதில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ரசீதை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். சிறு மெஷினில் அடித்துத் தரும் ரசீதாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். போனை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, படத்தை ஒரு போல்டரில் காப்பி செய்திடுங்கள். போல்டருக்குத் தேதியையே பெயராகக் கொடுங்கள். அடுத்து, டிக்கெட் எடுத்த செயலியில் முந்தைய பதிவுகள் பகுதியைத் திறந்து, பதிவு எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யுபிஐ மூலம் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பரிமாற்றத்தின் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசோதகரிடம் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. செயலியில் உள்ள டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். முறையீட்டில் அதன் வேலை வேறு. நீங்கள் சொல்லும் பதிவு எண்ணை வைத்து ரயில்வேயின் சர்வரில் உள்ள பதிவைத் தேடிப் பார்க்க முடியும். அந்த நேரத்தை நீங்களோ பரிசோதகரோ மாற்ற முடியாது என்பதுதான் இதன் பலம்.

எங்கே அனுப்புவது? விம்கோ நகர் வாசகர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில், அதே பெயரில் புறநகர் ரயில் நிலையமும் இருக்கிறது, 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் விம்கோ நகர் டிப்போ என்று இன்னொரு மெட்ரோ நிலையமும் வந்துவிட்டது. புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. மெட்ரோவை நடத்துவது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். அதற்கு 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டம். மெட்ரோவில் கட்டிய அபராதத்துக்கு ரயில்வேயிடம் எழுதினால் வேலை நடக்காது. மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் எடுத்திருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் ஆதாரம்.

ரயில்வே என்றால் 'ரயில் மதத்' என்ற இணைய தளம். பிரவுசரில் தேடித் திறந்ததும், மேலே உள்ள முகவரி இந்திய அரசின் தளங்களுக்கு உரிய 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தேடலில் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களை நம்ப வேண்டாம். பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கி ஓடிபி கேட்பவர் ரயில்வே ஆளாக இருக்க முடியாது. தளத்தில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்தால் வரும் ஓடிபி வேறு. புகாரைப் பதிவு செய்ய அது தேவை. புறநகர் பயணத்துக்கு பிஎன்ஆர் எண் இருக்காது என்பதால் நிலையம் தொடர்பான புகாரைத் தேர்ந்தெடுத்து க்ளிக் செய்திடுங்கள். நிலையத்தின் பெயர், தேதி, விவரம் கொடுத்து, ரசீதின் படத்தை இணைத்து அனுப்புங்கள். கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் 139க்குப் போன் செய்தும் புகார் தரலாம்.

தமிழில் எழுதுவதானால் யூனிகோடில் டைப் செய்திடுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்து ஒட்டினால் அங்கே புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும். கோபத்தைக் கொட்டாமல், என்ன நடந்தது, எந்த ஆதாரம் இருக்கிறது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஐந்தாறு வரிகளில் முடியுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன் அணைந்துவிட்டது என்ற காரணம் மட்டும் இருந்தால் பணம் திரும்புவது கடினம். டிக்கெட்டைக் காட்ட முடியாதவர் டிக்கெட் இல்லாதவரே என்பது செயலியின் நிபந்தனை. அப்போது விதி தவறு என்று வாதாடாமல், ரயில் ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுத்ததற்கான பதிவைக் காட்டி, கூடுதல் கட்டணத்தை மட்டும் பரிவுடன் திருப்பித் தரும்படி கேளுங்கள். தூரம் தவறாகக் கணக்கிடப்பட்டது, தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டது போன்ற முறையீடுகள்தான் வலுவானவை. ஏறும் முன்பே அதிகாரம் பெற்ற ஊழியரிடம் அனுமதிச் சான்று வாங்கியிருந்தால், சட்டப்படியே கூடுதல் கட்டணம் கிடையாது.

இங்கிலாந்தில் இதற்கென்றே 2018இல் தனி விதிகள் வந்தன. அபராதம் போட்ட 21 நாட்களுக்குள் முறையிடலாம். நிராகரித்தால் மேலும் இரண்டு கட்டங்கள் உண்டு. நம் ஊரில் அப்படித் தனி வழி இல்லாததால் பொது வழிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். ரயில் மதத்தில் திருப்தியான பதில் வராவிட்டால், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் பதியுங்கள். புகாரை முடித்துவிட்டதாகச் செய்தி வந்ததும், பதில் மோசம் என்று குறித்தால் மேல்முறையீடு செய்யும் வசதி அங்கே இருக்கிறது. அதையும் தாண்டினால் நுகர்வோர் ஆணையம். 2025 ஜனவரி 1 முதல் உள்ள இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 255 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவது என் கணக்கில் கட்டுபடியாகாது. ஹவுரா கணக்கில் ஆயிரத்தைத் தாண்டியவருக்குக் கட்டுபடியாகலாம்.