ஊரே வாங்கிய காற்றாலை!



'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். உடுமலை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு இது வெறும் பழமொழி அல்ல. காற்றுக்காலம் வந்தால் போதும். கூரைத் தகரம் தடதடக்கும், காயப்போட்ட துணி பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும்! அந்தக் காற்றையே ஒரு கிராமம் வேலைக்கு வைத்துக்கொண்ட கதையைத் தெரிந்துகொள்வோமா?

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மேற்கே மதில்சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள பெரிய வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கி.மீ. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கொங்குநாட்டுக்குள் பாய்கிறது. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிச் சீறுகிறது? அதே போலத்தான். நம் ஊரில் 'காத்தாடி' என்று சொல்லும் காற்றாலைகள் அங்கே நிறைய இருப்பதற்கு இதுவே காரணம்.

ஏறியது மின் கட்டணம்!

மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. பவானி ஆற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி மக்களுக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், மோட்டார் ஓட ஓட மின் கட்டணமும் ஏறியது. கட்டணம் கட்டாவிட்டால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் குடிக்கத் தண்ணீர் ஏது?

2003ல், மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கும் சிறிய இயந்திரத்தை வைத்தார்கள். சூரிய ஒளியில் எரியும் தெருவிளக்குகளும் வந்தன. அவை போதவில்லை. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். சொந்தமாகவே ஒரு காற்றாலை வாங்குவது என்று முடிவானது.

விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய்! ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதிக்கு வங்கிக் கடன். பஞ்சாலைகள் காற்றாலை வாங்குவது கொங்குநாட்டில் வழக்கம். ஒரு கிராம ஊராட்சி வாங்குவது புதுமை. காற்று சரியாக வீசாவிட்டாலும் கடன் தவணை நிற்காதே! இருந்தும் துணிந்தார்கள். 2006ல் 350 கிலோவாட் காற்றாலை சுழன்றது.

அது ஓடந்துறையில் இல்லை என்பதுதான் வேடிக்கை! சாலை வழியே 100 கி.மீ.க்கு மேல் தள்ளி, உடுமலை அருகே மைவாடியில் நிற்கிறது. அங்கேதானே காற்று அதிகம்? உடுமலை வங்கிக் கிளையில் கட்டிய பணத்தை மேட்டுப்பாளையம் கிளையில் எடுக்கிறோம் அல்லவா? அதுபோல, மைவாடியில் மின்வாரியக் கம்பியில் சேர்த்த மின்சாரம் ஓடந்துறைக் கணக்கில் கழிக்கப்பட்டது.

நோட்டை எடுங்கள், கணக்குப் போடலாம்!

அந்தக் காற்றாலை ஆண்டுக்கு ஏறக்குறைய 6,75,000 யூனிட் தந்தது. ஊராட்சியின் தேவை சுமார் 4,50,000 யூனிட். மிச்சம் எவ்வளவு? 2,25,000 யூனிட். அதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானம் கடனை அடைக்க உதவியது.

இன்னொரு கணக்கு. நிலக்கரியில் 1 யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிக்க வேண்டும். அப்படியானால் 6,75,000 யூனிட்டுக்கு? 4,72,500 கிலோ. அதாவது 472 டன்! லாரிக்குப் 10 டன் என்றால் 47 லாரி நிலக்கரி ஓர் ஆண்டில் மிச்சம்.

700 கிராம் நிலக்கரி எரிந்தால் ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. எரித்ததைவிட வருவது எப்படி அதிகமாகும்? நிலக்கரியில் உள்ள கார்பன், காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதால்தான்.

இந்த வாயு பூமியைக் கம்பளி போலப் போர்த்தி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றின் 10 லட்சம் பங்கில் இது 280 பங்கு இருந்தது. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமி 1 டிகிரி சூடானால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும். மலையடிவார ஊர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவும் வேண்டுமா?

உங்களுக்குக் காத்திருக்கும் வேலை

காற்றாலைக்கும் ஒரு குறை உண்டு. மார்கழி, தை மாதங்களில் காற்று குறையும். இறக்கைகள் சோம்பி நிற்கும். சூரிய ஒளியில் ராத்திரி மின்சாரம் கிடைக்காது. காற்றும் வெயிலும் இருக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தை மலிவாகச் சேமித்து வைக்க வழி வேண்டும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் அதிகமான காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கவும், பழையவற்றை மாற்றவும், கோவைக்குப் பேர் வாங்கித் தந்த பம்புகளைச் சூரிய ஒளியில் ஓட்டவும் படித்த கைகள் தேவை. அவை உங்கள் கைகளாக இருக்கட்டுமே!

அதுவரை ஒரு சின்ன வேலை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். அப்பா அம்மாவோடு போங்கள். 'நம் ஊர்த் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதம் எவ்வளவு மின் கட்டணம் ஆகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். ஓடந்துறைக்காரர்களின் காற்றாலையும் இப்படி ஒரு மின் கட்டண ரசீதைப் பார்த்துத்தான் பிறந்தது!